சக்கரத்தின் உள்பக்கம்

“ஹலோ… ஹலோ… ஜெபதுரை அண்ணாச்சியா?… ஆமா, ஆமா… கேக்குதா?… இங்க ஒரே மேளச் சத்தம், அதான்… ஆமா, ஆடிப்பூரத் தேருல்லா இன்னைக்கு… நானா?… நான் சீவில்லிபுத்தூர்ல இருந்து பேசுதேன்… இல்ல இல்ல, டவுனுக்குள்ளதான். தேர் வர்ற வீதி முக்குல… ஆமா, கரும்புச்சாறு வண்டி…”

இதற்கு மேல் பேரைச் சொல்லாமல் நழுவ முடியாது என்று சுடலையம்மாளுக்குத் தெரிந்துபோனது. புருஷன் சோலைராஜின் போனிலிருந்து கூப்பிட்டதே, தன் நம்பரைப் பார்த்தால் ராஜபாளையத்து மெக்கானிக் ஜெபதுரை எடுக்க மாட்டார் என்றுதான். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குரலை இறக்கினாள். நாலு வீதிக்குக் கேட்கக் கூவி விற்கிற தொண்டை அது, இறங்குவேனா என்றது.

“சுடலையம்மா… ஆமா. அதே சுடலையம்மாதான்… ஹலோ?… வச்சிராதிய அண்ணாச்சி, வச்சிராதிய… ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வச்சிருதேன்…”

வைத்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. சித்திரை மாதம் இவள் அவர் கடை வாசலில் ஆடிய ஆட்டம் அப்படி. கரும்பு பிழிகிற இஞ்சினை ரிப்பேருக்கு விடும்போது யாருக்கும் தெரியாமல் அதில் ஒரு அடையாளம் வைத்துவிடுவது இவள் வீட்டுப் பழக்கம். மெக்கானிக் நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிடுவானோ என்ற சந்தேகம்தான். வண்டிக்கு அடித்த கிளிப்பச்சைப் பெயிண்டில் மிச்சத்தை ஒரு மருந்துப் பாட்டிலில் ஊற்றி, இஞ்சினோடு போன சோலைராஜின் கையில் கொடுத்து, இஞ்சினுக்குப் பொறி தருகிற காந்தச் சக்கரத்தில் அடையாளம் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். இஞ்சின் திரும்பி வந்தபோது சக்கரம் பளபளவென்று இருந்தது. பச்சையைத் தேடினாள், காணோம். மறுநாள் முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போய், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தெரு மண்ணை இரண்டு கையிலும் வாரி அவர் கடையைப் பார்த்துத் தூற்றினாள். என் சக்கரத்தைக் களவாண்ட கை விளங்காமல் போகட்டும் என்று சாபமும் விட்டாள். எதிர் டீக்கடைக் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள். இவள் சொல்லையும் கொட்டி மண்ணையும் கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

“வண்டி நின்னுபோச்சு அண்ணாச்சி… காலைல நல்லாத்தான் ஓடுச்சு… பெட்ரோல் இருக்கு, இருக்கு, அதெல்லாம் பாத்தாச்சு… கயித்த இழுத்து இழுத்து அவியளுக்குத் தோளே எறங்கிப்போச்சு… பிளக்குல பொறி வரல… ஆமா… ஆமா, அதேதான்… செட்டியார்பட்டி மெக்கானிக் ஒருத்தரு தேர் பாக்க வந்திருந்தாரு, கையக் காலப் புடிச்சுக் கூட்டியாந்தோம். உள்ள பொறி விடுற பாயின்ட்ல கரி புடிச்சிருக்கும், சக்கரத்தக் கழட்டுனாத்தான் தொடைக்க முடியும்னாரு… கழலலியே! அதான் சேதி… அடிச்சாரு… ஆமா, சுத்தியலாலதான்… சக்கரத்து ஓரத்து ரெக்க ஒண்ணு ஒடிஞ்சுபோச்சு… இல்ல, இரும்புச் சுத்தியல்… திட்டாதிய அண்ணாச்சி, நான் என்னத்தக் கண்டேன்… பொறவு, இத மாட்டுனவியகிட்டயே கேளுன்னுட்டுப் போயிட்டாரு.”

மாட்டினவர் யார் என்று செட்டியார்பட்டிக்காரர் கேட்டபோது இவள் தேரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். சோலைராஜ்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு எட்டுத் தள்ளியும் நின்றுகொண்டார்.

“அதான்… கேக்க வாய் வரலதான்… நீங்க செத்த நேரம் வந்துட்டுப் போனா… பஸ்ஸு வேண்டாம், உங்க வண்டியிலயே வந்தா அரை மணி நேரந்தான… என்ன?… வண்டி ஓட்ட முடியாதா?… ஏன்?… கையா?… எந்தக் கை?”

மேளம் நின்று நாதஸ்வரம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது தெளிவாகவே கேட்டது.

“வலது கையா… எலும்பா?… கட்டுப் போட்டிருக்கா… எப்படி?… அய்யனார் கோவில்லயா! ஆத்துல குளிக்கப் போன எடத்துலயா?… பாற வழுக்கி… அய்யய்ய… எப்போ நடந்துச்சு?… வைகாசிலயா…”

முதலில் அவள் மனசில் ஓடியது இரக்கம் என்று சொன்னால் அது பொய். பலிச்சிருச்சு என்றுதான் ஓடியது. சித்திரையில் விட்ட சாபம், வைகாசியில் முறிந்த கை, அதுவும் அய்யனார் சன்னதி ஆற்றில். களவாண்டவனுக்குச் சாமி கூலி கொடுத்துவிட்டது என்று நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. அடுத்த கணமே அந்த நிமிர்வு அவளுக்கே பிடிக்கவில்லை. உதவி கேட்டுப் போன் பண்ணிவிட்டு இப்படி நினைக்கிறோமே என்று கூசியது.

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்… இல்ல, ஒண்ணுமில்ல… சரி. அப்போ நீங்க வர முடியாது… சரிங்க. வச்சிருதேன்… என்ன?… சொல்லித் தாரியளா? போன்லயா?… எங்களுக்கா?… அவியளுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியும்… சரி… சரி சரி, சொல்லுங்க. ஏங்க, இங்க வாங்க! அண்ணாச்சி சொல்லுதாவ, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க.”

இந்தப் போனுக்கு முன்பு வரை அவள் வாயில் ‘அந்த ஆளு’வாக இருந்தவர்தான் இந்த அண்ணாச்சி. சோலைராஜ் அதைக் கவனித்தார், ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மனுஷனுக்குக் குடும்பம் நடத்தத் தெரியும்.

“நட்டா?… ஆமா, முழுசாக் கழட்டிட்டுத்தான் அடிச்சாரு… தண்டு தலையிலதான்… அது தப்பா?… மரை நசுங்கிருக்கான்னா… நுனியில லேசா… சரி, நட்டத் திருப்பிப் போடணும்… ஏங்க, எண்ணெயத் தொட்டு அந்த நட்ட ஏத்துங்க. ஸ்பேனரு வேண்டாமாம், கையாலயே. மெதுவா, மெதுவா… ஏறுதா?… ஏறுது அண்ணாச்சி, ஏறுது!… எம்புட்டுக்கு?… தண்டு நுனியும் நட்டும் ஒரே மட்டமா… அதுக்கு மேல முடுக்கக் கூடாது… ஓ… அடிக்கிற அடி நட்டு மேல விழணுமா, அப்பத்தான் தண்டு பொழைக்கும்… சக்கரம் தெறிச்சு மூஞ்சிக்கு வராதாக்கும்… சரி சரி.

“சக்கரத்த இழுக்குற புல்லரா?… அது எங்ககிட்ட ஏது… செட்டியார்பட்டிக்காரரு கொண்டாந்தது இதுக்குச் சேரலன்னாரு… அப்போ?… ஐஸா?… எங்கிட்டப் போய் ஐஸு இருக்கான்னு கேக்கியளே! ஒரு பாரு ஐஸு அப்படியே கிடக்கு, விக்கத்தான் வழியில்ல… கொதிதண்ணியா? டீக்கடை ஒட்டுனாப்லதான்… தண்டு நுனியில ஐஸு… சக்கரத்து நடுக்குழியில கொதிதண்ணி… காந்தத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?… ஆமா… சூட்டுல அது விரியும், குளிருல இது சுருங்கும்… புரியுது, புரியுது. ரெண்டு டம்ளரு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா நாங்க செய்யுததுதான்… அதேதானா! இத அந்தச் செட்டியார்பட்டிக்காரரு சொல்லலியே.”

துணியில் ஐஸைக் கட்டி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தண்டு நுனியில் அழுத்திப் பிடித்தாள். சோலைராஜ் டீக்கடையிலிருந்து தூக்குச்சட்டியில் கொதிதண்ணீர் வாங்கி வந்து, சக்கரத்தின் நடுவில் பார்த்துப் பார்த்து ஊற்றினார். ஆவி குப்பென்று எழும்பியது. தேர் பார்க்க வந்த இரண்டு பெண்கள் சாறு இருக்கா என்று எட்டிப் பார்த்தார்கள். இஞ்சினுக்கு நடக்கிற அபிஷேகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

“ஊத்தியாச்சு… நெம்புறதுக்கா? டயர் லிவர் ஒண்ணு கிடக்கு… சக்கரத்துக்குப் பின்னால விடணும்… ஏங்க, காயில் மேல படக்கூடாதாம்… ரெக்க மேலயும் வைக்கக் கூடாதாம், இன்னொண்ணும் போயிரும். பலமா வேண்டாம், சும்மா தாங்கிப் புடிங்க… அடிக்க?… சுத்தியல் வேண்டாம், மரக்கட்ட… ஐஸு ஒடைக்கிற கட்ட இருக்கு, புளியங்கட்ட… போதுமா? சரி… நானே அடிக்கேன்… ஒண்ணு… இல்ல… வரல அண்ணாச்சி… திரும்பவும் அடிக்கவா?… சரி… சரி, பொறுத்துக்கிடுதேன். இன்னொரு சட்டித் தண்ணி ஊத்தி, ஊறட்டும்… சரி.”

ஊறுகிற நேரத்தில் போனை வைக்கவும் முடியவில்லை, பேசவும் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் ஜெபதுரைதான் தேர் எதுவரை வந்திருக்கிறது, கூட்டம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏசினால்கூடப் பதிலுக்கு ஏசிவிடலாம். இவர் நல்லபடியாகப் பேசியதுதான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

“கூட்டத்துக்கென்ன, தலைக்கு மேல தலை… ஆமா… மேலரத வீதி திரும்பிருச்சுன்னாவ… அண்ணாச்சி, கை… வலிக்குதா இன்னும்?… ராத்திரியிலயா… சாப்பாடெல்லாம்?… உங்க வீட்டு ஏசம்மாக்காவா ஊட்டி விடுதாவ… ம்… கடை?… பூட்டிக் கெடக்கா… ஒரு கையால என்ன செய்ய, ஆமா… அதுக்கு முந்தியேவா?… ஆளு வரத்து கொறைஞ்சுபோச்சா… எப்போ இருந்து?…”

எப்போதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் தொண்டையைச் செருமினார். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. திருடனுக்கு வேலை கொடுக்கவில்லை என்று ஊரைக் குறை சொல்ல முடியுமா என்று தன் மனசைத் தேற்றப் பார்த்தாள். அது முழுசாகத் தேறவில்லை.

“இப்போ அடிக்கவா?… ஏங்க, நெம்பிப் புடிங்க… ஒண்ணு… ரெண்டு… ஆ! சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? ‘டொக்’குன்னு… ஆடுது அண்ணாச்சி, ஆடுது! கழண்டுருச்சு! ஆண்டாளே, தாயே… ஆமா… ஆமா, நட்ட எடுக்கச் சொல்லுதேன்… தண்டுக் காடியில சாவின்னு சின்னதா ஒரு இரும்புத் துண்டு இருக்கும், தொலைச்சிரக் கூடாது… எடுத்துட்டாரு, எடுத்துட்டாரு… சக்கரத்த இப்போ நேராத் தூக்கணும்… தூக்கியாச்சு. ஏயம்மா, காந்தம் ஸ்பேனர வெடுக்குன்னு இழுக்கு! நல்ல சத்தா இருக்கே… ஆமா… உள்ளயா? பாக்கேன், பாக்கேன்…”

சக்கரத்தைப் புரட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக இருந்தது. முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். துடைத்த இடத்தில் கிளிப்பச்சையில் ஒரு ‘சு’ இருந்தது.

கோணல் ‘சு’. அவள் பேரின் முதல் எழுத்து. சுழி வளைக்கத் தெரியாத சோலைராஜின் கையெழுத்து என்பதில் சந்தேகமே இல்லை. வண்டிப் பலகையில் இருந்த பச்சையும் இதுவும் ஒன்றுதானா என்று சக்கரத்தை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றேதான்.

“இருங்க அண்ணாச்சி… இருங்க… ஏங்க. இது என்னது?… நீங்களா வச்சிய?… எப்போ?… அண்ணாச்சி கழட்டி வச்சிட்டு டீ குடிக்கப் போன நேரத்துலயா… உள்பக்கம் எதுக்குய்யா வச்சிய?… வெளிய வச்சாத் தேச்சு அழிச்சிருவாவன்னா!… அடப்பாவி மனுசா. அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?”

கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர் சொல்லத்தான் வந்தார். உள்ளே பார்த்தாயா என்று ஆரம்பித்தார். வாயை மூடிக்கிட்டு வாங்க, உங்களாலதான் ஊர்க்காரன் ஏமாத்துதான் என்று இவள்தான் அடக்கினாள். ராஜபாளையத்தில் இவள் முடியை அவிழ்த்தபோது கையைப் பிடிக்கவும் வந்தார், உதறிவிட்டாள். அதற்குப் பிறகு பயந்தே வாய் திறக்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்றால், அவள் புருஷனுக்குத் தைரியமும் மட்டு.

“ஹலோ… ஆ, இருக்கேன்… என்ன ஆச்சா?… ஒண்ணும் ஆவல… பாயின்ட்டா… ஆமா, கரிதான், ஒரே கரி… உப்புத்தாள வச்சு லேசா… தண்ணிய நல்லாத் தொடைச்சிட்டு… காஞ்ச பொறவு மாட்டணும்… சரி… சரிங்க… சாவிய அந்தக் காடியில வச்சு… சரி.”

அவர் கேட்டது பாயின்ட்டைப் பற்றி மட்டும்தான். பச்சையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ரொம்ப நன்றி அண்ணாச்சி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால், இந்தச் ‘சு’வைத் திரும்பவும் சக்கரத்துக்கு அடியில் போட்டு மூடி நட்டை முடுக்கிவிடலாம். உலகத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சோலைராஜும் போனை வை, வை என்று கையைக் காட்டினார். வைத்துவிடத்தான் நினைத்தாள். விரல் அந்தச் சிவப்புப் பொத்தான் வரை போனது.

ஆனால் பலிச்சிருச்சு என்று சற்று முன்னால் நிமிர்ந்த அந்த நெஞ்சு இப்போது அவளை விடவில்லை. முறிந்தது களவாண்ட கை அல்ல. கட்டுப் போட்டுக் கிடந்தும், வாயாலேயே தன் இஞ்சினைக் கழற்றிக் கொடுத்த மனுஷனின் கை. விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

“அண்ணாச்சி… வச்சிராதிய… ஒண்ணு சொல்லணும்… இல்ல, இஞ்சினு இல்ல… நீங்க எடுக்கல… சக்கரத்த. நீங்க களவாங்கல… என் சக்கரந்தான் இது. அன்னைக்கும் இதேதான்… உள்பக்கம் எங்க பச்ச இருக்கு. எம் பேரு எழுதிருக்கு. நான் வெளிய மட்டும் பாத்துட்டு… ஹலோ?… இருக்கியளா?…

“சிரிக்காதிய அண்ணாச்சி. சிரிச்சா எனக்கு அழுவதான் வருது… விடுங்கன்னா எப்படி விட?… பாற வழுக்கினதுதான், சரி, நான் சொன்னதால முறியலன்னே வச்சுக்கிடுவோம். கடைக்கு ஆளு வராம அடிச்சது யாரு? பாறையா அடிச்சுது?… நாந்தான… நாந்தான அடிச்சேன்… உங்க கையி முறிஞ்சிருக்குன்னதும் எனக்குச் சந்தோசம் வந்துச்சு அண்ணாச்சி. ஒரு நிமிசம் வந்துச்சு. இத யாருகிட்டப் போய்ச் சொல்ல…”

அழுகை வந்தே விட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, அழுகையோடு அழுகையாக அவளுக்கு ஒரு யோசனையும் வந்தது.

“ஒண்ணு செய்யுங்க. போன ஸ்பீக்கர்ல போடுங்க… போடுங்கன்னா… போட்டுட்டு, உங்க கடைக்கு எதுத்தாப்ல டீக்கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அன்னைக்கு வேடிக்க பாத்தவுக இருப்பாவல்லா, அம்புட்டுப் பேரும் கேக்கட்டும். நான் இங்கன இருந்தே சத்தமாச் சொல்லுதேன், எனக்கென்ன தொண்ட இல்லியா… வேண்டாம்னா?… எனக்கு வேணுமே… ஹலோ… யாரு?… ஏசம்மாக்காவா…”

சுடலையம்மாள் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். ஜெபதுரையின் பெண்டாட்டி, அன்று கடை வாசல்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பொம்பளை. இவள் தூற்றிய மண் அந்த அம்மாளின் தலையிலும் விழுந்தது. அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல் அப்படியே நின்றாள்.

“ஆமாக்கா… ஆமா… கேட்டுட்டுதான் இருந்தியளா… ஆமா… தப்புதான்… ஆமாக்கா… இல்ல, அன்னைக்கு நான் போன்ல சொல்லல… நேர்லதான் வந்து சொன்னேன்… பஸ்ஸேறி வந்துதான்… ஆமா… பாவத்துக்குப் பஸ்ஸேறத் தெரிஞ்சவளுக்கு… ம்… நியாயந்தான்… அதே எடத்துல நின்னு… அதே ஆளுக முன்னால… சொல்லுதேன்க்கா… வாரேன்… என்னைக்கா? அது… இன்னைக்குத் தேருக் கூட்டம், வருசத்துக்கு ஒரு நாளு, வண்டி இப்பத்தான்… இல்லக்கா, சாக்குச் சொல்லல… ஹலோ?… அக்கா?… ஹலோ…”

ஏசம்மாள் வைத்துவிட்டாள்.

வடம் பிடிக்கிற கூச்சல் பக்கத்தில் கேட்க ஆரம்பித்திருந்தது. வீதியில் எள் போட இடமில்லை. சோலைராஜ் பாயின்ட்டைத் துடைத்து, தண்ணீரை ஒற்றி எடுத்து, சாவியைக் காடியில் வைத்துவிட்டு, சக்கரத்துக்காகக் கையை நீட்டினார். மாட்டி முடுக்கினால் ஒரே இழுப்பில் இஞ்சின் பிடித்துவிடும், தேர் வருகிற நேரத்துக்குச் சாறு பிழிந்துவிடலாம்.

சுடலையம்மாள் சக்கரத்தைக் கொடுக்கவில்லை. ஐஸ் கட்டியிருந்த ஈரத்துணியை உதறி, பச்சை அழியாதபடி அதைச் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வண்டியத் தார்ப்பாய் போட்டு மூடுங்க. ராஜபாளையம் பஸ்ஸ எங்க திருப்பி விடுதாவன்னு கேட்டுட்டு வாங்க. கூட நீங்களும் வரணும், அன்னைக்குச் சொல்லாம விட்டதச் சொல்லணும்… கரும்பு காஞ்சாக் காயட்டும்யா. இது கையில இல்லாம, நான் சொல்லுதத யாரு நம்புவா?”